அப்பா இரண்டாம் மாடித் திருப்பத்தில் ஏன் நிற்கிறார்?

நீங்கள் கேட்டது குளிசையைப் பற்றி, ஆனால் கேள்விக்குள்ளே இருப்பது வேறு என்று நினைக்கிறேன். அப்பாவுக்கு 67 வயது. வெள்ளவத்தையில் தொடர்மாடி, மூன்றாம் மாடி வீடு. லிஃப்ட் ஒரு மாதமாகப் பழுது. இரண்டாம் மாடித் திருப்பத்தில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் மிச்சப் படிகளை ஏறுகிறார், போன வருடம் இப்படி இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சீனி வருத்தத்துக்கு மெட்ஃபோர்மின் எடுக்கிறார். தெரிந்த ஒருவர், வயது போனால் மைட்டோகொண்ட்ரியா எல்லாம் செத்துவிடும், கலத்துக்குச் சக்தி வராது என்று சொல்லி மாதம் 15,000 ரூபாய்க்கு ஒரு போத்தலைக் காட்டியிருக்கிறார். வாங்கிக் கொடுக்கலாமா என்கிறீர்கள். இது வயதா, வருத்தமா, போனது திரும்பி வருமா என்பதுதான் உங்கள் மனதில் இருக்கும் கேள்வி என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் கொழும்பில் 20 வருடத்துக்கு மேல் பிசியோதெரபி செய்கிறவன். டொக்டர் இல்லை, அதனால் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: “போன வருடம் இப்படி இல்லை” என்ற அந்த வரி எனக்குப் பிடிக்கவில்லை. வயது அவசரப்படாத ஆள். ஒரே வருடத்துக்குள் ஒருவரைப் படியில் நிற்கவைத்தால் இரத்தச்சோகையா, இதயமா, நுரையீரலா, தைரொயிட்டா என்று முதலில் பார்க்க வேண்டும். மெட்ஃபோர்மினைப் பல வருடம் எடுப்பவர்களில் விட்டமின் பி12 குறைவது தெரிந்த விஷயம், அதையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். படி ஏறும்போது நெஞ்சு இறுகினாலோ, கால் வீங்கினாலோ, இரவில் மல்லாந்து படுக்க மூச்சு முட்டினாலோ இந்தப் பதிலை இத்தோடு விட்டுவிட்டு இன்றைக்கே கூட்டிக்கொண்டு போங்கள். எல்லாம் பார்த்து ஒன்றும் இல்லை என்று வந்தால்தான் தசைக்குள் போய்ப் பார்க்கிறதில் அர்த்தம் இருக்கிறது.

சரி, ஒரு சின்னக் கணக்கு. அப்பாவின் நிறை 70 கிலோ என்று வையுங்கள். மூன்று மாடி என்றால் ஏறத்தாழ 9 மீற்றர். 70 கிலோவை 9 மீற்றர் தூக்குகிற வேலை 1.5 கிலோகலோரிதான். தசை எரிக்கிறதில் கால்வாசி அளவுதான் வேலையாக வெளியே வரும், மிச்சம் சூடாகப் போய்விடும் (வீட்டுக்குள் வந்ததும் ஃபேனுக்குக் கீழே போய் நிற்பது அதனால்தான்), ஆகவே மொத்தச் செலவு 6, 7 கிலோகலோரி. பிளேன் ரீக்குப் போடுகிற ஒரு தேக்கரண்டிச் சீனியில் பாதிகூடத் தேவையில்லை. அப்பாவின் உடம்பில் சக்திக்குப் பஞ்சம் இல்லை, வயிற்றைச் சுற்றி இருக்கும் கொழுப்பே மாதக்கணக்கில் மாடி ஏறக் காணும். பிரச்சினை அது வந்து சேரும் வேகத்தில். மொட்டைமாடித் தாங்கி நிறையத் தண்ணீர் இருந்தும் உங்கள் வீட்டுக் குழாயில் நூல்போல வருகிறதே, அந்த மாதிரி.

அந்த வேகத்துக்கும் ஒரு எண் இருக்கிறது. ஒன்றரை நிமிடத்தில் அந்த 9 மீற்றரை ஏறுவதற்கு ஒரு கிலோ நிறைக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 20 மில்லிலீட்டர் ஒட்சிசன் தேவைப்படும். சாதாரணமான ஒரு 25 வயதுப் பெடியனின் உச்சவரம்பு 40க்கு மேலே, அவனுக்கு இது பாதி. அதிகம் நடமாடாத 67 வயதுக்காரரின் உச்சவரம்பு 25 அளவில்தான் இருக்கும். அதே படி, அதே நேரம், ஆனால் அவர் தன்னுடைய முழுப் பலத்தில் ஐந்தில் நான்கு பங்கைப் போட்டு ஏறுகிறார். இந்த உச்சவரம்பு 30 வயதுக்குப் பிறகு பத்து வருடத்துக்கு 10 சதவீத அளவில் இறங்குகிறது, 70 தாண்டினால் இன்னும் வேகமாக. அதில் ஒரு பெரிய பங்கு இதயம் அடிக்கும் உச்ச வேகம் குறைவதால் வருவது, அதை எந்தப் போத்தலும் திருப்பித் தராது. மிச்சப் பங்குதான் நம்முடைய கதை.

தசை நேரடியாகச் செலவழிப்பது ஏடிபி என்ற சக்தி மூலக்கூறைத்தான். 1929இல் ஜெர்மனியில் கார்ல் லோமன் கண்டுபிடித்தது. கையிருப்பு மிகக் கொஞ்சம், முழு மூச்சாக ஓடினால் இரண்டு மூன்று நொடிக்குக்கூடக் காணாது, அதனால் செலவாகச் செலவாக உடனுக்குடன் செய்துகொண்டே இருக்க வேண்டும். முதலில் கைகொடுப்பது தசையிலேயே சேர்த்து வைத்திருக்கும் கிரியேட்டின் பொஸ்பேட், பத்து நொடி அளவுக்கு. பிறகு சீனியை ஒட்சிசன் இல்லாமல் அரைகுறையாக உடைப்பது. இந்த இரண்டிலும் அப்பா முதல் மாடியைச் சமாளித்துவிடுவார். அதற்கு மேலே போக மைட்டோகொண்ட்ரியா, எங்கள் பள்ளிப் புத்தகத்தில் இழைமணி என்று படித்தோமே, அது ஒட்சிசனை வைத்து ஏடிபி செய்து தர வேண்டும். இரண்டாம் மாடித் திருப்பத்தில் நிற்கிறார் என்று எழுதினீர்களே, அது தற்செயல் இல்லை. கடன் முடிந்து உழைப்பில் ஏற வேண்டிய இடம் அது. நின்று மூச்சு வாங்கும் அந்த அரை நிமிடம், ஒரு நிமிடத்தில் கிரியேட்டின் பொஸ்பேட் திரும்ப நிரம்புகிறது, அதை நிரப்புவதும் இழைமணிதான்.

ஆராய்ச்சிக்காரர்கள் அளப்பதும் ஏறத்தாழ இதையேதான். எம்ஆர்ஐ மாதிரி ஒரு காந்தக் குழாய்க்குள் காலை விட்டு, கொஞ்ச நேரம் உதைக்கச் சொல்லிவிட்டு, நிறுத்தியதும் கிரியேட்டின் பொஸ்பேட் எத்தனை நொடியில் பழைய நிலைக்கு வருகிறது என்று பார்ப்பார்கள். ஊசியும் இல்லை, வெட்டும் இல்லை. அப்பாவின் திருப்பத்துப் படியை ஒரு கருவிக்குள் கொண்டுபோய் வைத்ததுபோல. வேகமாக நிரம்பினால் இழைமணி நன்றாக வேலை செய்கிறது என்று அர்த்தம்.

இனி எதுவெல்லாம் உறுதி என்று சொல்கிறேன். வயது போகப் போகத் தசை சுருங்கும், இதில் சண்டையே இல்லை. 1988இல் சுவீடனில் லெக்செல் என்பவரின் குழு, இறந்தவர்களின் தொடைத் தசையை முழுக் குறுக்கு வெட்டாக எடுத்து இழை இழையாக எண்ணிப் பார்த்தது: 20 வயதிலிருந்து 80க்குப் போவதற்குள் தசையின் பரப்பு 40 சதவீத அளவில் குறைந்திருந்தது. இழைகள் மெலிந்ததும் உண்டு, ஆனால் பெரிய காரணம் இழைகளே இல்லாமல் போனது. முள்ளந்தண்டில் இருக்கும் நரம்புக் கலம் ஒன்று இறந்தால் அது ஆட்டிவைத்த இழைகள் எல்லாம் அநாதை. பக்கத்து நரம்பு சிலவற்றைத் தத்தெடுத்துக்கொள்ளும், மிச்சம் போய்விடும். கூடுதலாக அடிபடுவது வேகமான இழைகள், திடீரென்று எழும்பவும் தடக்கினால் காலை எட்டி வைக்கவும் உதவுகிறவை. பலம் தசையின் அளவைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகத்தில் குறைகிறது என்பதும் வயதானவர்களை வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த ஆய்வில் வந்தது. ஆகவே “கால் மெலியவில்லையே” என்று பார்த்துத் திருப்திப்படாதீர்கள்.

இழைமணிக்கு வந்தால்தான் குழப்பம் ஆரம்பிக்கிறது. 2003இல் அமெரிக்காவில் யேல் பல்கலைக்கழகத்துக் குழு, மெலிந்த ஆரோக்கியமான முதியவர்களின் தசையில் ஏடிபி செய்யும் வேகம் இளையவர்களைவிட 40 சதவீத அளவில் குறைவு என்று காட்டியது. போத்தல் விற்பவர்கள் காட்டுவது இந்த மாதிரி எண்களைத்தான். ஆனால் பிறகு வேறு குழுக்கள், ஒரு நாளில் ஒரே அளவு நடமாடும் இளைஞர்களையும் முதியவர்களையும் சோடி சேர்த்துப் பார்த்தபோது அந்த வித்தியாசத்தில் பெரும் பகுதி காணாமல் போனது. இன்னும் வேடிக்கை, ஒரே ஆளின் ஒரே காலில் தொடையின் முன்தசையில் வேகம் குறைந்திருக்கும், முழங்காலுக்குக் கீழே பாதத்தை மேலே தூக்கும் தசையில் ஒன்றும் குறைந்திருக்காது. வயதுதான் நேரடிக் காரணம் என்றால் இரண்டும் ஒன்றாகத்தானே கெட்டிருக்க வேண்டும்? நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் கீழ்த்தசை வேலை செய்கிறது, சமதரையில் மெதுவாக நடக்கிறவருக்குத் தொடைத்தசை பாதி நேரம் சும்மா இருக்கிறது. இதை வைத்து எல்லாமே சோம்பல்தான் என்று சொல்லும் அளவுக்கு நான் போகமாட்டேன். இழைமணிக்கென்று சொந்தமாக 37 மரபணுக்கள் இருக்கின்றன, வயதோடு அதில் துண்டுகள் தொலைந்து, அங்கொன்று இங்கொன்றாகச் சில தசையிழைகளில் எரிப்பு நின்றுபோவது நுண்காட்டியில் கண்ணால் பார்க்கக்கூடிய உண்மை. ஆனால் அப்படிப்பட்ட இழைகள் மொத்தத்தில் கொஞ்சம்தான். அவை எவ்வளவு தூரம் ஒருவரைத் தளர்த்துகின்றன, வயதின் பங்கு எவ்வளவு, அசையாமல் சும்மா இருந்துவிட்டதன் பங்கு எவ்வளவு என்பதில் துறைக்குள்ளேயே இன்னும் ஒத்த கருத்து இல்லை. எல்லாம் செத்துவிடும் என்பது மட்டும் நிச்சயமாகப் பிழை.

இருந்துவிட்டதன் விலை எவ்வளவு என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் 1966இல் அமெரிக்காவின் டலஸ் நகரில் செய்தது. 20 வயது மதிக்கத்தக்க ஐந்து பேரை மூன்று வாரம் கட்டிலிலேயே படுக்கவைத்தார்கள். 30 வருடம் கழித்து, 50 வயதில் அதே ஐந்து பேரையும் திரும்பக் கூப்பிட்டு அளந்தார்கள். அந்த மூன்று வாரப் படுக்கை குறைத்த அளவுக்கு 30 வருட வயது அவர்களின் ஒட்சிசன் உச்சவரம்பைக் குறைத்திருக்கவில்லை! ஐந்து பேர்தான், சிறிய ஆய்வு, ஆனால் அப்படியொன்றை யாரும் லேசில் திரும்பச் செய்ய முடியாது. முதியவர்களில் இது இன்னும் மோசம்: ஆரோக்கியமான முதியவர்களைப் பத்து நாள் படுக்கவைத்ததில் கால்களில் மட்டும் ஒரு கிலோ அளவு தசை போய்விட்டது என்று 2007இல் வெளிவந்தது. எனக்கு அதை வாசிக்கத் தேவையே இருக்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், டெங்கு வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தவர். காய்ச்சல் போய்விட்டது, இரத்தத் தட்டுக்களும் ஏறிவிட்டன, எல்லாருக்கும் சந்தோஷம். நான் போன அன்று கதிரையில் இருந்து எழும்பச் சொன்னேன். இரண்டு கையையும் பிடியில் ஊன்றி, முன்னுக்கும் பின்னுக்கும் மூன்று தரம் ஆடி, அப்புறம்தான் எழும்பினார். எழும்பிவிட்டு என்னைப் பார்த்து, “வயசு போட்டுது தம்பி” என்றார். ஒன்பது நாளைக்கு முன்னால் இதே ஆள் சந்தைப் பையோடு பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனவர். ஒன்பது நாளில் எந்த வயது போகும்?

உங்கள் அப்பாவிடமும் இதைக் கேட்டுப் பாருங்கள். போன வருடம் என்ன நடந்தது? காய்ச்சல், முழங்கால் நோவு, வேலையிலிருந்து ஓய்வு, பேரப்பிள்ளையைப் பள்ளிக்கு நடந்து கூட்டிப்போனது நின்றது, இப்படி ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். லிஃப்ட் வேலை செய்த வருடங்களில் அவர் எத்தனை தரம் படியில் கால் வைத்தார் என்பதும் ஒரு கேள்விதான்.

போத்தலுக்கு வருகிறேன். 1956இல் டென்ஹம் ஹார்மன் என்பவர், உடம்பு எரிபொருளை எரிக்கும்போது தப்பிப்போகும் ஃப்ரீ ரடிக்கல் என்ற துடுக்கான மூலக்கூறுகள்தான் கலங்களை அரித்து முதுமையைக் கொண்டுவருகின்றன என்றொரு கருத்தை வைத்தார், பிறகு 1972இல் விரலை இழைமணி மீதே நீட்டினார். அழகான கருத்து, நானும் நம்பினவன், அதை அடக்கும் என்று என் அம்மாவுக்கு வருடக்கணக்கில் விட்டமின் ஈ வாங்கிக் கொடுத்தவனும் நானேதான். 2009இல் வந்த ஒரு ஜெர்மன் ஆய்வு அந்த ஆசையைக் கெடுத்தது. இளைஞர்களுக்கு நான்கு வாரம் உடற்பயிற்சி கொடுத்தார்கள், பாதிப் பேருக்கு அத்தோடு விட்டமின் சி, ஈ பெரிய அளவில். குளிசை எடுக்காதவர்களில் இன்சுலின் நன்றாக வேலை செய்யத் தொடங்கியது, எடுத்தவர்களில் அந்தப் பலன் கிடைக்கவே இல்லை. காரணம், உழைக்கும்போது வரும் அந்தக் கொஞ்ச ஃப்ரீ ரடிக்கல்தான், இன்னும் இழைமணி வேண்டும் என்று கலத்துக்குப் போகும் செய்தி. செய்தி கொண்டு வந்தவனை வாசலிலேயே மறித்தால் கலத்துக்கு எப்படித் தெரியும்?

உங்கள் படத்தில் லேபல் தெளிவில்லை, ஆனால் என்எம்என்னும் கியூ10உம் இருப்பது தெரிகிறது. என்எம்என் எலிகளில் அருமையாக வேலை செய்தது. மனிதரில் அது, கலம் சக்தி செய்ய உதவும் என்ஏடி என்ற பொருளின் அளவை இரத்தத்தில் உயர்த்துகிறது, அதுவரைக்கும் சரி, ஆனால் தசையின் பலமோ மாடி ஏறும் திறனோ நம்பும்படி கூடியதாக இதுவரை வந்த சின்னச் சின்ன ஆய்வுகள் ஒரே குரலில் சொல்லவில்லை. கியூ10, கொலஸ்ட்ரோல் குளிசையால் தசை நோகிறவர்களுக்குக்கூட ஒரு ஆய்வில் உதவும், அடுத்ததில் உதவாது. குளிசை வடிவத்தில் எனக்குக் கொஞ்சம் மரியாதை இருப்பது மலிவான கிரியேட்டினுக்கு மட்டும், அதுவும் பாரப் பயிற்சி செய்கிற முதியவருக்கு, பலன் சிறியது, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று டொக்டரிடம் கேட்டபிறகு. 15,000 ரூபாய்ப் போத்தலை நான் வாங்கமாட்டேன்.

பயிற்சியைப் பற்றிச் சொல்லும்போது எனக்குக் குரல் உயர்ந்துவிடும், பார்த்துக்கொள்ளுங்கள். 1967இலேயே ஜோன் ஹொலொசி, ஓடவிட்ட எலிகளின் தசையில் இழைமணியின் எரிப்புத் திறன் ஏறத்தாழ இரண்டு மடங்கானதைக் காட்டிவிட்டார். மனிதரிலும் அதுதான். 2017இல் மேயோ கிளினிக் ஆய்வில் 65 முதல் 80 வயது வரையானவர்கள் 12 வாரம், இடைவிட்டு வேகமாகச் சைக்கிள் மிதிக்கும் பயிற்சி செய்தார்கள். இழைமணியின் திறன் இளையவர்களில் 49 சதவீதமும் முதியவர்களில் 69 சதவீதமும் கூடியது. கீழே இருந்து தொடங்குகிறவருக்கு ஏற அதிக இடம் இருக்கிறது என்று இதை வாசியுங்கள், முதியவர் இளைஞரைத் தாண்டிவிட்டார் என்று வாசிக்காதீர்கள். அதற்கு முன்பே, 1990இல், பொஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 90 வயதுக்காரர்களுக்கு எட்டு வாரம் பாரம் தூக்கும் பயிற்சி கொடுத்துக் காலின் பலத்தை இரண்டு மடங்குக்கு மேலே கூட்டியிருக்கிறார்கள். பத்துப் பேர்தான், ஆனாலும் 90! செத்துப்போன நரம்பு திரும்பி வராது, போன இழை போனதுதான். இருக்கிற இழைக்குள்ளே எத்தனை இழைமணி என்பது மட்டும் கேட்கிற வேலையைப் பொறுத்து மாறிக்கொண்டே இருக்கும்.

ஆகவே டொக்டர் சரி சொன்னபிறகு, வாரத்துக்கு மூன்று நாள் மரைன் டிரைவில் காலை ஆறரைக்கு முன்னால் (ஏழு மணிக்கு மேலே வெயில் ஆளை உருக்கும்) நடக்கட்டும், ஆனால் கதைத்துக்கொண்டு நடக்கிற நடை இல்லை. மூன்று நிமிடம் சாதாரணமாக, மூன்று நிமிடம் வசனத்தை முழுதாய்ச் சொல்ல ஏலாத வேகத்தில், இப்படி நான்கைந்து தரம். மற்ற இரண்டு நாள் கதிரையில் இருந்து கை ஊன்றாமல் எழும்பி எழும்பி இருக்கிறது, பத்துப் பத்தாக மூன்று தரம், இலேசாக வந்ததும் கையில் இரண்டு தண்ணீர்ப் போத்தலோடு. இந்தக் கதிரைப் பயிற்சியை நடையைவிட முக்கியமாக நினைக்கிறேன், கடற்கரையில் தினமும் நடந்தும் தொடை பலமில்லாத பலரைப் பார்த்திருப்பதால். மெட்ஃபோர்மின் இந்தப் பலனைக் கொஞ்சம் குறைக்கலாம் என்று 2019இல் ஒரு ஆய்வு வந்தது உண்மை, அதற்காக அதை நிறுத்தச் சொல்லி யாரும் சொன்னால் கேட்காதீர்கள். இரத்தத்துச் சீனியைப் பெருமளவில் உள்ளே எடுப்பதே தசைதான், தசை உழைத்தால் சீனியும் சொல்வழி கேட்கும்.

சாப்பாடு பற்றி ஒரு வரி. காலையில் பாணும் சம்பலும், மத்தியானம் சோறும் இரண்டு துண்டு மீனும், இரவில் இடியப்பமும் சொதியும் என்றால் புரதம் மத்தியானத்தில் மட்டும்தான் எட்டிப் பார்க்கிறது. இந்த வயதில் ஒரு கிலோ நிறைக்கு நாளுக்கு 1 முதல் 1.2 கிராம் வேண்டும், 70 கிலோவுக்கு 70, 80 கிராம், அதையும் மூன்று வேளைக்கும் பிரித்து. காலையில் இரண்டு முட்டை அல்லது அவித்த கடலை, இரவில் ஒரு மீன் துண்டோ தடித்த பருப்போ, அவ்வளவுதான் மாற்றம். சிறுநீரகத்தில் குறை இருந்தால் இதுவும் டொக்டரின் கணக்கு.

லிஃப்டுக்காகக் காத்திருக்கச் சொல்வதா, ஏறச் சொல்வதா என்றும் கேட்டிருந்தீர்கள். ஏறட்டும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முன்னால் கொஞ்சம் சாய்ந்து, திருப்பத்தில் நிற்க வேண்டுமென்றால் வெட்கப்படாமல் நின்று. இன்றைக்கு இரவே ஒரு காரியம் செய்யுங்கள்: கைப்பிடி இல்லாத கதிரையைச் சுவரோடு வைத்து, அப்பாவைக் கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு ஐந்து தரம் முழுதாக எழும்பி இருக்கச் சொல்லி, போனில் நேரம் பிடியுங்கள். ஆசிய நாடுகளுக்கு வகுத்த அளவில் 12 நொடி அல்லது அதற்கு மேல் என்றால் தசை பின்தங்கிவிட்டது என்று எடுக்கிறார்கள். எத்தனை நொடி என்று கலண்டரில் இன்றைய திகதிக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள், டொக்டரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள், எட்டு வாரம் கழித்து அதே கதிரையில் திரும்பப் பாருங்கள்.